போட்டியும் நட்பும்: சிங்கப்பூரில் இளையர் ஒலிம்பிக்

அனைத்துலக விளையாட்டுப் போட்டியை ஏற்று நடத்தும் நகரம் என்றதும், பெரிய விளையாட்டரங்குகள், வாணவேடிக்கை, பதக்க மேடை ஆகியவையே நம் நினைவுக்கு வரும். 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14 முதல் 26 வரை சிங்கப்பூரில் நடைபெற்ற முதலாவது இளையர் ஒலிம்பிக் போட்டியிலும் இவையெல்லாம் இருந்தன. ஆயினும், அப்போட்டி ஒரு முக்கிய வகையில் வேறுபட்டிருந்தது. அதில் பண்பாட்டு நிகழ்ச்சிகள் வெறும் அலங்காரமாக இல்லாமல், விளையாட்டுகளுக்கு இணையான இடத்தைப் பெற்றிருந்தன.

200க்கும் மேற்பட்ட நாடுகளையும் வட்டாரங்களையும் சேர்ந்த ஏறக்குறைய 3,600 இளையர்கள் 26 விளையாட்டுகளில் பங்கேற்றனர். அவர்கள் 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். அதாவது, உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் வயதை ஒத்தவர்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவர்கள் தங்கும் கிராமமாக மாற்றப்பட்டது. மற்றப் பெரும் போட்டிகளில், தங்கள் ஆட்டம் முடிந்ததும் பல வீரர்கள் நாடு திரும்பிவிடுவது உண்டு. இங்கோ, அனைவரும் இறுதிநாள் வரை தங்கியிருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது.

ஏன் அப்படி ஒரு விதி? போட்டியுடன் கல்வி, பண்பாட்டுத் திட்டமும் நடத்தப்பட்டதே அதற்குக் காரணம். கிராமத்தில் அமைக்கப்பட்ட உலகப் பண்பாட்டுக் கூடங்களில், சிங்கப்பூர் மாணவர்கள் பல நாடுகளின் வாழ்க்கைமுறையை விளக்கினர். அதற்காக அவர்கள் அந்நாடுகளைப் பற்றி முன்கூட்டியே படித்துத் தயாராக வேண்டியிருந்தது. புலாவ் ஊபினில் வெவ்வேறு நாட்டு வீரர்கள் ஒன்றுசேர்ந்து குழு நடவடிக்கைகளில் ஈடுபட்டனர். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாதபோதும், இணைந்து செயல்பட வேண்டிய சூழல் அவர்களை நெருங்கிப் பழக வைத்தது.

இந்த நோக்கம் ஆடுகளத்திலும் வெளிப்பட்டது. ஜூடோவில் முதலில் தனிநபர் ஆட்டங்கள் நடந்தன. பின்னர், பல நாட்டு வீரர்களைக் கலந்து அணிகள் அமைக்கப்பட்டன. முன்பு எதிரெதிராக நின்றவர்கள் ஒரே அணிக்காக ஆடும் வாய்ப்பு உருவானது. அணிக்கு மூவர் ஆடும் கூடைப்பந்தும் இங்கு அறிமுகமாகி, பின்னர் தோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது.

இத்தகைய விழாவை நடத்துவது எளிதன்று. பிஷான், ஜாலான் புசார் விளையாட்டரங்குகள் போன்ற ஏற்கெனவே இருந்த இடங்களே பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டன. தொடக்க விழா மரினா பே மிதக்கும் மேடையில் நடைபெற்றது. பல்லாயிரம் தொண்டூழியர்கள் உழைத்தனர். அப்படியிருந்தும், தொடக்கத்தில் 104 மில்லியன் வெள்ளியாக மதிப்பிடப்பட்ட செலவு, பின்னர் 387 மில்லியன் வெள்ளியாக உயர்ந்தது. மக்கள் பணம் இவ்வளவு செலவிடப்படலாமா என்ற கேள்வியும் எழுந்தது.

அக்கேள்வி நியாயமானதே. விற்பனையான நுழைவுச்சீட்டுகளையும் வந்துசென்ற சுற்றுப்பயணிகளையும் கணக்கிட முடியும். ஆனால், முன்பின் அறியாத ஒரு நாட்டைப் பற்றி மாணவர் ஒருவர் பெற்ற அறிவையோ, அவருக்குக் கிடைத்த நட்பையோ எவ்வாறு அளப்பது? அளக்க முடியாது என்பதற்காகப் பயன் இல்லை என்றும் சொல்ல முடியாது; எவ்வளவு செலவும் தகும் என்றும் சொல்ல முடியாது. ஏற்று நடத்தும் ஒவ்வொரு நகரமும் இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

2010இல் இளையர் ஒலிம்பிக் சுடர் சிங்கப்பூரை வந்தடையும் முன், ஐந்து கண்டங்களைச் சேர்ந்த ஐந்து நகரங்களுக்குச் சென்றது. அவற்றுள் ஒன்று செனகல் நாட்டின் தலைநகரான டாக்கார். பிற்காலத்தில், 2026ஆம் ஆண்டுக்கான இளையர் ஒலிம்பிக்கை நடத்தும் பொறுப்பு அந்த நகரத்திற்கே வழங்கப்பட்டது. சிங்கப்பூர் முன்பு எதிர்கொண்ட அதே கேள்விக்கு, டாக்காரும் தனக்கேற்ற விடையைத் தேட வேண்டியிருக்கும்.