குரலைப் பதிவு செய்யும்போது

புறநோயாளிப் பிரிவு முடிந்தபின், தொலைபேசியில் நீங்கள் பதிவு செய்த செய்திகளைக் கேட்கிறோம். "அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, கூப்பிடுங்கள்" என்று ஒரு குரல். பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. யாரை அழைப்பது என்றறியாமல் தவித்திருக்கிறோம்.

'பீப்' ஒலிக்குப் பிறகே பேசத் தொடங்குங்கள். அதற்கு முன் சொன்னவை பதிவாகா. நோயாளியின் பெயர், மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவற்றை முதலில் கூறுங்கள். கைப்பேசி எண்ணை நிதானமாக இருமுறை சொல்லுங்கள். பின்னர், தொல்லை என்ன, எப்போது தொடங்கியது என்பதைத் தெரிவியுங்கள். நாங்கள் திரும்ப அழைத்தும் உங்கள் கைப்பேசி ஒலிக்கவில்லையெனில், அறிமுகமற்ற எண்களைத் தடுக்கும் வசதி காரணமாயிருக்கலாம். எங்கள் எண்ணைப் பெயரிட்டுச் சேமித்து வையுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் செயலிழத்தல் ஆகியவற்றைப் பதிவு செய்துவிட்டுக் காத்திராதீர்கள். அவ்வேளையில் அதைக் கேட்க எவரும் இல்லாதிருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.