ஒன்பதாவது அனுமதி
அமெரிக்காவின் குவால்காம், நெதர்லாந்தின் என்எக்ஸ்பியை வாங்கப்போவதாக 2016 அக்டோபரில் அறிவித்தது. முன்னது கைப்பேசி சிப்களில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம். பின்னது கார்களுக்கான சிப்களில். பேரம் பின்னர் 4,400 கோடி டாலருக்கு ஏறியது. இரண்டுக்கும் சீனாவில் பெரும் வியாபாரம் இருந்ததால், பெய்ஜிங்கின் அனுமதியும் சட்டப்படி தேவைப்பட்டது. தேவையான ஒன்பது அனுமதிகளில் எட்டு வந்துவிட்டன. சீனச் சட்டம் பரிசீலனைக்கு அதிகபட்சம் 180 நாள்தான் தருகிறது. ஆனால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று மறுபடி கொடுத்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 2018 ஏப்ரலில் குவால்காம் அப்படித்தான் செய்ய நேர்ந்தது. அதே மாதம் சீனாவின் இசட்டிஇ நிறுவனத்துக்கு உதிரிபாகங்கள் விற்க அமெரிக்கா தடை விதித்தது. ஜூலை 6-ல் 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருள்கள் மீது 25 சதவீதக் கூடுதல் வரி அமலானது. ஜூலை 25-ல் ஒப்பந்தக் கெடு முடிந்தபோது சீனா அனுமதிக்கவும் இல்லை, மறுத்து உத்தரவிடவும் இல்லை. குவால்காம் 200 கோடி டாலர் முறிவுத் தொகை கட்டி விலகியது. வர்த்தகப் போரில் தாமதம் எவ்வளவு வலிய ஆயுதம் என்பது இங்கே தெரிகிறது. மறுத்தால் காரணம் எழுத வேண்டும், மேல்முறையீடு வரும். காலம் கடத்தினால் இரண்டும் இல்லை.

இது போட்டிச் சட்டம் சார்ந்த விஷயம், வர்த்தகப் பூசலோடு சம்பந்தமில்லை என்றது சீனா. அதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. காப்புரிமைக் கட்டணத்தில் ஆதிக்கம் செலுத்தியதற்காக 2015-லேயே குவால்காமுக்கு அங்கே 608.8 கோடி யுவான் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. இந்த இணைப்பால் அந்த ஆதிக்கம் இன்னும் கூடும் என்ற சீனக் கைப்பேசி நிறுவனங்களின் பயம் நியாயமானதே. ஆனால் அதே கவலைகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஒன்றியம், நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. அதைவிட முக்கியமானது 2018 டிசம்பர் 1. ப்யூனஸ் அயர்ஸில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் விருந்தில் பேசியபின், ஒப்பந்தம் மீண்டும் வந்தால் ஷி அனுமதிக்கத் தயார் என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. அது ஒரு தரப்பின் அறிக்கைதான். ஆனாலும், தடை போட்டியைப் பற்றியது மட்டுமே என்றால், ஒரு விருந்து மேஜையில் அது எப்படித் தீரும்?

அமெரிக்காவும் சளைத்ததல்ல. அப்போது சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பிராட்காம், குவால்காமை வாங்க முயன்றதை டிரம்ப் 2018 மார்ச்சில் தடுத்தார். ஆனால் தேசப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, கையெழுத்திட்ட உத்தரவாகவே தடுத்தார். சரியோ தவறோ, மக்கள் முன்னால் வைத்து விவாதிக்க ஒரு தாளாவது இருந்தது. சீனா போன வழி அப்படியல்ல. 2022-ல் அங்கு வந்த சட்டத் திருத்தம், சில காரணங்களைக் காட்டிப் பரிசீலனை நாள்களின் கணக்கை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை ஒழுங்குமுறை அமைப்பின் கையிலேயே கொடுத்துவிட்டது.