கழலாத நட்டு, கழன்றோடும் சக்கரம்

தெலுக் இந்தான் – செம்பனைக் குலை ஏற்றிய பழைய ஹைலக்ஸ் ஒன்று தோட்டத்து மண் பாதையில் பஞ்சராகி நிற்கிறது. ஆறு நட்டுகளில் ஐந்து கழன்று வந்துவிட்டன. ஆறாவது மட்டும் அசையவில்லை. மற்றவை போல அதற்கு ஆறு பக்கம் கிடையாது. உருண்டையாக, தலையில் பூப்போல ஒரு வெட்டுடன் இருக்கிறது. அதற்குரிய சாவி, வண்டியை விற்ற பழைய உரிமையாளரிடமே தங்கிவிட்டது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். ஒரு நட்டு, ஒரு நாள் வருமானத்தையே பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதுதான் பூட்டு நட்டு. விலை உயர்ந்த ரிம்மைத் திருடர்கள் கழற்றாமல் இருக்கச் சக்கரத்துக்கு ஒன்று வீதம் போடுவார்கள். புது வண்டியில் அது பாதுகாப்பு. கைமாறிக் கைமாறி வந்த பழைய வண்டியில் அதுவே தலைவலி.

முதலில் சாவியைத் தேட வேண்டும். டேஷ்போர்டு பெட்டி, சீட்டுக்கு அடியில், ஜாக்கிப் பை ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் கிடக்கும். சாவி இல்லாவிட்டாலும் அதன் எண் அச்சிட்ட சிறு அட்டை கிடைத்தால், நட்டுத் தயாரித்த நிறுவனத்திடம் அதே சாவியை வாங்க வழி உண்டு. தேடிய நேரம் வீண் போகாது. உடைத்துக் கழற்றுவது எப்போதும் கடைசி வழிதான்.

நட்டு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? துரு ஒரு காரணம். சுங்கை பேராக் நீர் பெருகிச் சாலை மூழ்கும் ஊரில் வண்டிக்கு ஈரம் புதிதல்ல. ஆனால் துருவைவிடப் பெரிய குற்றவாளி ஏர் கன். பிக்கப் வண்டியின் நட்டுக்கு ஏறக்குறைய 100 முதல் 140 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அவசரத்தில் அழுத்தும் ஏர் கன் 300, 400-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். பூட்டு நட்டின் மெல்லிய வெட்டு அதைத் தாங்காது. வெட்டும் தேயும், சாவியும் தேயும்.

கழற்றும் முன் சக்கரம் தரையில் இருக்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டியின் மேல் பலத்தைக் காட்டினால் வண்டி சரியும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். துருவுக்கு எண்ணெய் தெளித்துப் பொறுத்திருப்பது நல்லது. எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 இதற்கென்றே பிறந்தது அல்ல. 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டி உலோகத்தைத் துருவிடமிருந்து காக்க உருவானது அது. நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் அந்த எண். துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தனி எண்ணெய் கடைகளில் உண்டு; அதுவே மேல்.

பிறகு, நட்டைவிடச் சற்றே சிறிய பழைய சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அதன் மேல் அடித்து இறக்கி நீளக் கைப்பிடியால் திருப்பலாம். உள்ளே இடப்பக்கமாகச் சுழலும் வெட்டுகள் கொண்ட சாக்கெட்டும் கிடைக்கிறது. திருப்பத் திருப்ப அது நட்டைக் கவ்விக்கொள்ளும். முதலில் ஒரு நூல் அளவு இறுக்கிப் பார்த்துவிட்டுத் தளர்த்துவது பட்டறைக்காரர்களின் பழைய வித்தை. துரு அங்கேயே உடையும். ஒரு மீட்டர் குழாயைக் கைப்பிடியில் மாட்டி 60 கிலோ ஆள் ஏறி நின்றால் ஏறக்குறைய 590 நியூட்டன் மீட்டர் பலம் கிடைக்கும். நட்டு கழலவும் செய்யும், ஸ்டட் முறியவும் செய்யும்.

கழலாவிட்டால் கேஸ் வைத்துச் சூடேற்றுவது பலருக்குக் கைவந்த பழக்கம். டயர் மாட்டிய ரிம்மில் இதைச் செய்யவே கூடாது. சூட்டில் டயரின் உட்புற ரப்பர் வாயுவாக மாறித் தீப்பற்றி வெடிக்கும். லோரி டயர் வெடித்தால் அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது. தீயை அணைத்து வெகுநேரம் கழித்தும் வெடிக்கலாம். காற்றை இறக்கிவிட்டோம் என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது.

லோரிக்காரர்களுக்கு வேறொரு சிக்கல். பல பழைய ஜப்பானிய லோரிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடப்புரி, அதாவது நூல் எதிர்த்திசையில் ஓடும். சைக்கிளின் இடது பெடலும் அப்படித்தான். ஸ்டட் நுனியில் 'எல்' என்ற எழுத்து பொறித்திருக்கும். இது தெரியாத புதுப் பையன், கழற்றுவதாக நினைத்து அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டிருப்பான். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் உள்சக்கரத்துக்கு ஒரு நட்டு, அதன் மேல் வெளிச்சக்கரத்துக்கு இன்னொன்று. வெளி நட்டைத் தளர்த்தாமல் உள் நட்டை இறுக்க முடியாது. வெளியே இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே தளர்ந்திருக்கலாம்.

கழற்றியபின் செய்யும் வேலைதான் உயிரோடு விளையாடுவது. முறிந்த ஸ்டட்டை மாற்றாமல் 'ஐந்து போதும்' என்று பாரம் ஏற்றுகிறார்கள். பிக்கப்பின் நூலில் மிச்சமிருக்கும் எண்ணெயைத் துடைப்பதில்லை. எண்ணெய் பட்ட நூல் அதே பலத்தில் கூடுதலாக இறுகி ஸ்டட்டை இழுத்துவிடும். 2024 டிசம்பர் 23-இல் மலாக்கா, அலோர் காஜா அருகே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில், லோரியிலிருந்து கழன்று கிடந்த டயரில் சுற்றுலாப் பேருந்து மோதித் தடம் மாறியது. ஏழு பேர் மாண்டார்கள். தெலுக் இந்தானுக்கும் துயரம் தெரியும். 2025 மே 13-இல், சித்ரா பௌர்ணமி பாதுகாப்புப் பணி முடிந்து திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேரைச் சிக்குஸ் சாலை விபத்தில் பறிகொடுத்தது இவ்வட்டாரம். அது நட்டால் வந்ததல்ல. ஆனால் லோரியின் எடை எப்படிப்பட்டது என்பதை அதன்பின் இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

எனவே மாட்டும்போது நட்டுகளை வட்டமாக அல்லாமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் ஏர் கன்னால் அல்ல, அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால். பத்து ஸ்டட் கொண்ட பெரிய லோரிக்கு அளவு 550, 600 நியூட்டன் மீட்டர் வரை போகும். வண்டிக் கையேட்டைப் பார்ப்பதே சரி. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புது ஸ்டட்டும் ரிம்மும் ஒன்றோடொன்று பதிந்து உட்காரும்போது நட்டு தானாகத் தளரும். 'நேற்றுத்தானே மாட்டினேன்' என்று விட்டுவிடுவது இங்கேதான்.

கழற்றிய பூட்டு நட்டு இருந்த இடத்தில் சாதாரண நட்டைப் போட்டால் போதும். ரிம்மின் குழிக்கு ஏற்ற கூம்பு முனையா, தட்டை முனையா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். பூட்டு நட்டுத்தான் வேண்டும் என்பவர்கள், சாவியை ஜாக்கியோடு சேர்த்துக் கம்பியால் கட்டி வைக்கட்டும். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கையில் அதையும் கொடுத்துவிடட்டும்.