கோமாவில் கிடக்கும் அப்பாவுக்கு எதற்கு ஃப்ளாஷ்பேக்? முதுமையைப் பேசும் வங்காளப் படங்களும் ‘தலைக்கூத்தல்’ கதைகளும்

பேச்சு மூச்சில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் அப்பா. மகன் உடம்பைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறான். சொந்தபந்தங்கள் பொறுமை இழக்கிறார்கள். ‘இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?’ என்ற கேள்வி, கொஞ்சம் கொஞ்சமாக ‘எப்போ முடிச்சு வைக்கலாம்?’ என்று மாறுகிறது.

2023 பிப்ரவரியில் திரைக்கு வந்த ‘தலைக்கூத்தல்’ படத்தின் மேலோட்டமான கதை இதுதான். மகனாக சமுத்திரக்கனி நடித்திருப்பார். ஆனால் இயக்குநர் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இந்த வீட்டுக்குள் இன்னொரு படத்தையும் ஓடவிடுகிறார். கட்டிலில் அசையாமல் கிடக்கும் அந்த மனிதரின் நினைவுக்குள் கேமரா போகிறது. அங்கே அவர் இளைஞர். ஒரு பெண்ணைக் காதலிக்கிறார். கதிரும் கதா நந்தியும் நடித்த அந்தப் பகுதி, கனவு மாதிரி நகரும்.

படம் பார்த்த பலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். சாகக் கிடக்கிறவருக்கு எதற்கு இவ்வளவு நீளமான காதல் கதை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அது நம்மை வங்காள சினிமா வரைக்கும் கூட்டிப் போகும்.

தலைக்கு ஊத்துறதுன்னா என்ன?

நம் ஊர்களில் ‘தலைக்கு ஊத்துறது’ நல்ல வார்த்தை. அம்மை இறங்கிய பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துவார்கள். ‘கண்டம் தாண்டியாச்சு, இனி பயமில்லை’ என்று அதற்கு அர்த்தம்.

அதே வார்த்தைக்குத் தென்மாவட்டங்களின் சில பகுதிகளில் இன்னொரு பொருளும் இருந்தது. தேற மாட்டார் என்று குடும்பம் முடிவு கட்டிய முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பார்கள். தளர்ந்த உடம்பு அதைத் தாங்காது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஊருக்கு அது இயற்கை மரணம்.

2010இல் விருதுநகர் மாவட்டத்தில் 80 வயது முதியவர் ஒருவர், தன்னைப் பற்றி வீட்டில் இப்படிப் பேசுவது காதில் விழுந்ததும் தப்பி ஓடி உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். அந்தச் செய்தி வெளிவந்த பிறகுதான் இந்தப் பழக்கம் வெளியுலகின் பார்வைக்குப் பெரிதாக வந்தது. அடுத்த பத்து, பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று தமிழ்ப் படங்கள் இதைத் தொட்டன.

கங்கைக் கரையில் ஒரு கல்யாணம்

‘இது நம்ம பக்கம் மட்டும் இருந்த கொடுமை’ என்று நினைத்தால் அது தவறு. வங்காளத்தில் ‘அந்தர்ஜலி’ என்றொரு வழக்கம் இருந்தது. இறக்கும் நிலையில் இருப்பவரைக் கங்கைக் கரைக்குத் தூக்கி வந்து, உடம்பின் பாதி தண்ணீரில் படும்படி கிடத்தி, வாயில் கங்கை நீர் விடுவார்கள். புண்ணிய மரணம் என்பது நம்பிக்கை. பிழைக்க வாய்ப்பிருந்தவர்களையும் இந்தச் சடங்கு முடித்துவிடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டனம் எழுந்தது.

கமல்குமார் மஜும்தார் இதை வைத்து எழுதிய நாவலை, இயக்குநர் கௌதம் கோஷ் 1987இல் ‘அந்தர்ஜலி யாத்ரா’ என்ற பெயரில் படமாக்கினார். கதை நடப்பது உடன்கட்டைக்குத் தடை வந்த 1829ஐ ஒட்டிய காலம். கரையில் கிடத்தப்பட்ட கிழவருக்கு ஓர் ஏழைப் பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். அவர் போனதும் இவளும் சிதையேற வேண்டும் என்பது திட்டம். பிணம் எரிக்கும் பைஜு மட்டும் ‘இது அநியாயம்’ என்று கத்துகிறான். சத்ருகன் சின்கா நடித்த பாத்திரம் அது.

அதற்குப் பிறகுதான் படம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஊரே செத்துப்போனவராகக் கணக்கு எழுதிய கிழவருக்குத் தெம்பு திரும்புகிறது. மனைவியோடு வாழ வேண்டும் என்று ஆசை வருகிறது. அந்த ஆசை நமக்கு அருவருப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். எது எப்படியோ, கரையில் கிடப்பது பிணம் இல்லை என்று அந்த ஆசை காட்டிக் கொடுத்துவிடுகிறது.

எல்லாம் மறந்தவருக்கு ஒரு பெயர் மட்டும்

வங்காள சினிமாவில் முதியவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து இருமுகிற ஆட்களாக மட்டும் இருந்ததில்லை. 1955இல் வந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை நினைத்துப் பாருங்கள். கூன் விழுந்த இந்திர் பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது ஏறக்குறைய 80 வயது. ஒரு வேளைச் சோறு பாரமாக இருக்கும் வீட்டில் அந்தப் பாட்டியும் பாரம்தான். கடைசியில் மூங்கில் தோப்பில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்து கிடப்பதைக் குழந்தைகள்தான் பார்க்கிறார்கள்.

2017இல் அதனு கோஷ் இயக்கிய ‘மயூராக்ஷி’ அதே கேள்வியை நகரத்து அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்தது. வங்க மொழியில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியருக்கு நினைவு தப்பிக்கொண்டே போகிறது. அமெரிக்காவிலிருந்து மகன் பார்க்க வருகிறார். அப்பா திரும்பத் திரும்ப ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறார். மயூராக்ஷி, அவருடைய பழைய மாணவி. அப்பாவாக சௌமித்ர சாட்டர்ஜி, மகனாக பிரசென்ஜித் சாட்டர்ஜி.

வாழ்நாள் முழுக்க வரலாறு சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் வரலாறே கைநழுவுகிறது. ஆனாலும் ஒரு பெயர் உள்ளே தங்கியிருக்கிறது. மகன் அந்தப் பெயரைத் தேடிப் போகும்போதுதான், அப்பா யார் என்று அவருக்கே புதிதாகப் புரியத் தொடங்குகிறது.

தமிழில் யார் யார் செய்தார்கள்?

தமிழில் இந்தப் பாதையைப் போட்டவர் பாலு மகேந்திரா. மனைவியை இழந்து, கிராமத்திலிருந்து சென்னை உறவினர் வீட்டுக்கு வரும் முதியவரின் கதை ‘சந்தியா ராகம்’ (1989). சொக்கலிங்க பாகவதர் நடித்தார். அதில் வில்லன் யாரும் கிடையாது. வருமானம் பற்றாத ஒரு வீடும் கூடுதலாக ஒரு வயிறும் மட்டும்தான்.

மதுமிதா இயக்கிய ‘கே.டி. (எ) கருப்புதுரை’ (2019) தலைக்கூத்தலைச் சிரிப்போடு சொன்னது. கோமாவிலிருந்து விழித்த கருப்புதுரை, குடும்பத்தின் திட்டத்தைக் கேட்டுவிட்டு வீட்டை விட்டே கிளம்புகிறார். ஒரு சிறுவனோடு சேர்ந்து ஆசைகளைப் பட்டியல் போட்டு நிறைவேற்றுகிறார். அதில் பிரியாணியும் உண்டு, இளமைக் காலத்துக் காதலும் உண்டு. மு. ராமசாமி அந்தக் கிழவராக வாழ்ந்திருப்பார்.

பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ நேர்மாறு. அதில் கனவும் இல்லை, காதலும் இல்லை. விபத்தில் இடுப்பு உடைந்த காவலாளியை மகன் ஊருக்குக் கொண்டுபோகிறான். சில நாளில் சாவுச் செய்தி வருகிறது. ‘எப்படிச் செத்தாரு?’ என்று தங்கை பிள்ளைகள் கேட்கத் தொடங்குகிறார்கள். ஆவணப்படம் போன்ற நடை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்று, 2020 பிப்ரவரியில் திரைக்கு வந்தது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். கொல்வதற்கு முன்னால் ஒரு மனிதரை ‘அது’ ஆக்க வேண்டியிருக்கிறது. ‘இழுத்துக்கிட்டே கெடக்கு’, ‘எப்போ போய்ச் சேருமோ’ என்று வீடுகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இலக்கணத்திலேயே உயர்திணை போய் அஃறிணை வந்துவிடும். ‘தலைக்கூத்தல்’ படத்தின் காதல் ஃப்ளாஷ்பேக் இதைத்தான் தடுக்கிறது. வெளியே எல்லோரும் ‘அது’ என்று பேசும்போது, உள்ளே ‘அவர்’ இன்னும் காதலித்துக்கொண்டிருக்கிறார்.

‘ஏன் இவ்ளோ ஸ்லோ?’

இந்த வகைப் படங்கள் மீதான பெரிய புகார் வேகம். ஓடிடியில் 1.5 மடங்கு வேகத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒருவர் தட்டில் இருக்கும் சோற்றைச் சாப்பிட்டு முடிக்கும் வரை கேமரா நகராமல் இருப்பது சோதனைதான்.

ஆனால் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்ட யாரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே இறங்க அரை மணி நேரம் ஆகும். புரட்டிப் படுக்க வைக்க இன்னொரு ஆள் வேண்டும். ராத்திரி தூக்கம் போகும். அந்த நேரத்தை வெட்டிச் சுருக்கினால் கதை கிடைக்கும், அந்த வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்பது கிடைக்காது. காலம் முன்னும் பின்னுமாகக் கலைவதற்கும் இதே காரணம்தான். நினைவு தப்புகிறவருக்கு நேற்றும் ஐம்பது வருடத்துக்கு முந்தைய நாளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பட்டாசு ஊரின் கணக்கு

இத்தனை சொன்ன பிறகும் ஒரு வித்தியாசத்தை மறைக்க முடியாது. கொல்கத்தா பேராசிரியர் வீட்டின் பிரச்சினை தூரம். விருதுநகர் பக்கத்தில் பிரச்சினை கூலி.

சிவகாசி வட்டத்தில் இருக்கும் எம். புதுப்பட்டி போன்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கூத்தல் இந்த ஊரில் நடந்தது என்று சொல்ல வரவில்லை. பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பி வாழும் வட்டாரத்தின் வீட்டுக் கணக்கைப் புரிந்துகொள்ளத்தான். ஆணும் பெண்ணும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். எத்தனை செய்தோமோ அத்தனைக்குத்தான் காசு என்பது பல வேலைகளில் நடைமுறை. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. வீட்டில் படுத்திருக்கும் அப்பத்தாவுக்கு மூச்சு திணறினாலும் வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான் தெரியும்.

இப்படி ஒரு வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால் அடுப்பு எரிவதே சந்தேகம். பாசம் இல்லாததால்தான் எல்லாம் நடக்கிறது என்று நகரத்தில் இருந்துகொண்டு தீர்ப்பு எழுதுவது சுலபம். அந்தச் சுலபத்தை நல்ல படங்கள் நமக்குக் கொடுப்பதில்லை. அதற்காகக் கொலையைக் கருணை என்று ஒப்புக்கொள்வதும் இல்லை.

கருணைக்கொலைதானே இது?

இல்லை. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, மீளவே முடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டும்தான். அதற்கும் மருத்துவர் குழுக்களின் ஒப்புதல் வேண்டும். சுயநினைவோடு இருக்கும்போதே ஒருவர் தன் விருப்பத்தை எழுதி வைக்கவும் வழி உண்டு. குடும்பம் கூடிப் பேசி முடிவெடுத்துக் குளிப்பாட்டுவது சட்டத்தின் பார்வையில் கொலை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உதவிக்கு 14567 என்ற தேசிய முதியோர் எண் இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் தருகிறார்கள். முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. ஒரு நாளைக்கு 40 ரூபாய். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்க அது காணாது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டின் சராசரி அப்போது 8.6. அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போகும். ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற ஒவ்வொருவருக்கும், கட்டில் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி ஒருநாள் வரும்.

அதற்கு இந்தப் படங்களில் பதில் இல்லை. ஆனால் படம் பார்த்த கையோடு ஊருக்கு போன் போட்டு, ‘சாப்டியா, மாத்திரை போட்டியா’ என்ற வழக்கமான கேள்விகளோடு, ‘அப்பத்தா, நீயும் தாத்தாவும் மொதமொத எங்க பாத்துக்கிட்டீங்க?’ என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.