மண் ஈரமானியின் அளவைக் கணனியிற் பிழையின்றி எடுத்தல்

மரக்கறிக் கமக்காரர் சிலர் பாத்தியில் மண் ஈரமானியை நாட்டி, அதன் அளவைக் கணனித் திரையிற் பார்த்து நீர் பாய்ச்சுகின்றனர். குண்டசாலை, மாரஸ்ஸன முதலிய கண்டிப் பகுதிகளின் சரிவு நிலங்களிற் சிறுபோக நீரைச் சிக்கனப்படுத்த இது நல்ல வழியே. எனினும் திரையிலுள்ள எண் பிழையாயின் பயிர் கெடும்.

போஞ்சிப் பாத்தியொன்றுக்கு யான் எழுதிக் கொடுத்த நிரல், 612 என்னும் அளவை 61 என்று காட்டிற்று. இவ்வகை ஈரமானியில் மண் உலர உலர எண் கூடும், நனைந்தாற் குறையும். ஆகவே நிலம் நனைந்துள்ளதெனக் கருதி மூன்று நாள் நீர் விடப்படவில்லை. பூக்கள் உதிர்ந்தன. குற்றம் கருவியினதன்று, என் நிரலினதே.

காரணம் இதுவாகும். கருவி 612 என்பதை ஒரே எண்ணாக அனுப்புவதில்லை. 6, 1, 2 என ஒவ்வோர் எழுத்தாக யூ.எஸ்.பி. வடத்தின் வழியே அனுப்பி, ஈற்றில் வரி முடிவுக் குறியை இடும். வேகம் 9600 என்று வைத்தால் ஒரு செக்கனில் ஏறத்தாழ 960 எழுத்துகள் வரும். என் நிரல் குறித்த நேரம் காத்திருந்து, அதுவரை வந்ததை மாத்திரம் எடுத்தது. கடைசி எழுத்து அப்பொழுது வந்து சேரவில்லை. வந்த எழுத்துகளைச் சேர்த்து வைத்து, வரி முடிவுக் குறியைக் கண்ட பின்னரே எண்ணாக மாற்றுதல் வேண்டும். இணைத்தவுடன் வரும் முதல் வரி பாதியில் தொடங்கியிருக்கக்கூடும், அதைத் தள்ளிவிடுக.

இன்னுமொரு காவலும் தேவை. ஈரமானியைக் காற்றிற் பிடித்து வரும் எண்ணையும், குறித்த கோடுவரை நீரில் அமிழ்த்தி வரும் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டிற்கும் வெளியே வருவதை நிரல் ஏற்கலாகாது. இக்காவல் இருந்திருப்பின் 61 அன்றே அகப்பட்டிருக்கும். நீர் பாய்ச்ச வேண்டிய எண்ணையோ அவரவர் மண்ணிலேயே அறிதல் வேண்டும். பள்ளத்து வயலின் களிமண்ணுக்குரிய எண் மேட்டுச் செம்மண்ணுக்குப் பொருந்தாது.

திரையில் விளங்காத குறிகள் தோன்றினால் இரு பக்கத்து வேகமும் ஒன்றாவெனப் பார்க்குக. ஒன்றுமே தோன்றாவிடின் முதலில் வடத்தை மாற்றிப் பாருங்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற மாத்திரம் செய்யப்பட்ட வடங்களிற் செய்திக் கம்பி இராது. இதனால் அரைநாள் இழந்தவர் பலர். சாதாரண யூ.எஸ்.பி. வடம் 5 மீற்றருக்கு மேற்படலாகாது. ஆதலின் பாத்தியிலிருந்து வீடுவரை அதனை இழுக்க எண்ண வேண்டாம். வேறு துளையிற் செருகினால் கணனி துறையின் எண்ணை மாற்றிவிடலாம், அதனையும் கவனிக்குக.

நெல்லின் ஈரமானிகளும் மின் தராசுகளுஞ் சில இவ்விதமே அளவை அனுப்புவதால், மேற்கூறியவை அவற்றிற்கும் பொருந்தும். ஒவ்வொரு காலையும் ஐந்து அளவெடுத்து நடுவானதைத் திகதியுடன் பதிந்து வருக. பதிவுக்கும் கையாற் கிளறிப் பார்த்த மண்ணுக்கும் வேறுபாடு கண்டால் மண்ணையே நம்பி நீர் பாய்ச்சிவிட்டு, பதிவை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டு வாருங்கள்.