தற்காப்புச் சட்டமும் அச்சத்தின் சமூக அடிப்படையும்

பாதுகாப்பாகப் பின்வாங்க வழியிருப்பின் உயிர்பறிக்கும் வன்முறையைக் கையாளலாகாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு. சொந்த இல்லத்தில் தாக்கப்படுவோருக்கு மட்டும் அது விலக்களித்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2005 இல் இவ்விலக்கைப் பொதுவிடங்களுக்கும் விரித்தது. நியாயமான அச்சமே போதுமான அளவுகோலாயிற்று.

2012 இல் ஆயுதமேதுமற்ற கறுப்பினச் சிறுவன் திரேவொன் மார்ட்டினைச் சுட்டுக்கொன்றவர் மறு ஆண்டு விடுதலையானார். யூரர்களுக்கான அறிவுறுத்தலில் இவ்விதியும் இடம்பெற்றிருந்தது. அதே மாநிலத்தில், தன்னைத் துன்புறுத்திய கணவனை எச்சரிக்கவே சுட்டதாகக் கூறிய கறுப்பினப் பெண்ணொருவருக்கு, எவரும் காயமுறாதபோதும், 2012 இல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பு 2013 இல் மேன்முறையீட்டில் தள்ளப்பட்டது.

ஆதரிப்போர் இதனை எளியோரின் காப்பு என்பர். எதிர்ப்போர் இனவெறிக்கான உரிமம் என்பர். சட்டத்தின் சொற்கள் யாவர்க்கும் பொதுவானவை. ஆயின், எவரது அச்சம் நியாயமானது என்பதை நிலவும் சமூக உறவுகளே நிர்ணயிக்கின்றன என்பது நமது முடிபாகும்.