பழைய பாய்மரப் படகு வாங்குவோர்க்கு

கடலோர நகரங்களில் வாழும் நம்மவர் சிலருக்குச் சொந்தப் பாய்மரப் படகில் கடலுலா வரும் ஆவல் உண்டு. புதியது எட்டாத விலை. ஆகவே பழையதை நாடுகிறோம். அதில் இழிவு ஏதுமில்லை. 1987இல் உலகை வலம் வந்து முடித்த நமது ராணுவப் பொறியாளர் படையின் 'திரிஷ்ணா', இங்கிலாந்தில் வாங்கிய பழைய படகே.

ஆயினும் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்கும் மரபினர் நாம். படகிலும் அந்த விழிப்பு வேண்டும். புதுச் சாயத்தைக் கண்டு மயங்கலாகாது. மும்பையில் மழைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி வைப்பர். அடிப்பாகத்தை ஆராய அதுவே நற்சமயம். கண்ணாடி இழைப் படகில் கொப்புளங்கள் தோன்றியிருப்பின், நீர் ஊறியிருக்கிறது என்று அறியலாம். மேல்தளத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால் உறுதியான இடம் கணீரென்னும்; உள்ளே உளுத்த இடம் மந்தமாய் ஒலிக்கும்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை 10 முதல் 15 ஆண்டுகளில் மாற்றுவது வழக்கம். அவை அறுந்தால் நடுக்கடலில் மரமே சாயும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் முடுக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். நாம் செல்லுமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஐயுறுக.

விற்பவர் காட்டும் சோதனையாளர் வேண்டாம். நாமே ஒருவரை அமர்த்துவோம். கடலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பதிவுச் சீட்டில் கடன் பாக்கி உண்டா என்றும் அறிந்த பிறகே முன்பணம் கொடுப்போம். பழுது நீக்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தால் மலிவு எது என்பது விளங்கும்.

நம் மனைவி மக்கள் ஏறப்போகும் படகு அது. பேரம் கைநழுவினாலும் வேறொன்று கிடைக்கும்.